கொழும்புச் சூட்டில் ஸ்டவுட் கிட்: வெள்ளவத்தையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. மெல்பேணில் இருக்கும் அண்ணா விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஸ்டவுட் கிட்டை, அதாவது வீட்டிலேயே கறுப்புப் பியர் செய்வதற்கான தொகுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1.7 கிலோ பேணி, மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம், ஒரு பிளாஸ்டிக் பெரல். நீங்கள் இருப்பது வெள்ளவத்தையில் ஏசி இல்லாத மூன்றாம் மாடி பிளாட். இந்தச் சூட்டில் இது சரிவருமா, புளித்து வினாகிரியாகிவிடுமா, போத்தல் வெடிக்குமா, குடித்தால் கண் பார்வைக்கு ஏதும் வருமா என்று நாலு பயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நாலும் ஒரே அளவு உண்மையானவை அல்ல. ஒன்றுக்கு ஆதாரமே இல்லை, ஒன்றை இலகுவாகத் தவிர்க்கலாம், ஒன்று கவனமில்லாவிட்டால் ஆளைக் காயப்படுத்தும். சூட்டைப் பற்றிய பயம்தான் ஆழமானது. அதனால் அதற்குத்தான் கூடுதல் இடம் எடுக்கப்போகிறேன்.

நான் உணவு விஞ்ஞானம் படித்து, நொதித்தல் சார்ந்த ஆய்வுகூட வேலையில் பல வருடம் இருந்தவன். அவுஸ்திரேலியாவில் வசித்த காலத்தில் இதே மாதிரிக் கிட்டுகளில் வீட்டில் ஸ்டவுட் போட்டிருக்கிறேன், பிரிஸ்பேன் கோடைக்காலம் உட்பட. கொழும்பில் போட்டதில்லை. அதற்குக் காரணம் சட்டம். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வதைத் தடைசெய்கிறது. கள்ளு இறக்குவதற்கே அனுமதி வேண்டிய நாடு இது. இங்கிலாந்தில் 1963இல் வீட்டுப் பியருக்கான அனுமதிப்பத்திரத் தேவையை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அது சாத்தியமானது. அவுஸ்திரேலியாவில் உங்கள் அண்ணா சுப்பர்மார்க்கெற்றிலேயே கிட் வாங்கலாம். அந்த நாடுகளின் பழக்கத்தை வைத்து "வீட்டில் குடிக்கத்தானே" என்று இங்கே நினைத்துவிடக் கூடாது. நான் சட்டத்தரணி அல்ல. பேணியை உடைப்பதற்கு முன்னர் மதுவரித் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் இல்லை என்றால் இல்லைதான். கீழே எழுதுவது, இந்தப் பேணி சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கொழும்பைப் போன்ற வெக்கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான பதில்.

பேணிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பார்லியை முளைக்கவைத்து உலர்த்தி, இடித்து, சுடுநீரில் ஊறவைத்து, அதன் மாப்பொருளைச் சர்க்கரையாக்கி, ஹொப்ஸ் பூவின் கசப்பையும் சேர்த்து, பாணி பதத்துக்கு நீரை வற்றவைத்த சாறு அது. ஸ்டவுட்டின் கறுப்பும் கோப்பி போன்ற கசப்பும் கருக வறுத்த தானியத்திலிருந்து வருகின்றன. 1817இல் டானியல் வீலர் என்ற ஆங்கிலேயர் தானியத்தை வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை எடுத்த பிறகுதான் இந்தக் கறுப்பு நிலையானதாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆக, கடினமான வேலையைத் தொழிற்சாலை செய்துவிட்டது. உங்கள் பங்குக்கு மிஞ்சுவது பாணியைக் கரைப்பது, ஈஸ்ட்டுக்கு நல்ல இடம் கொடுப்பது, போத்தலில் அடைப்பது. நடுவில் இருப்பதுதான் ருசியைத் தீர்மானிக்கிறது.

இப்போது சூடு. பியர் ஈஸ்ட்டுக்குப் பிடித்த வெப்பநிலை 18 முதல் 21 பாகை செல்சியஸ். கொழும்பில் பகலில் 30, 31 பாகை. இரவில்கூட 22க்குக் கீழே இறங்கும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். பலர் கவனிக்காத விஷயம் என்னவென்றால், நொதித்தலே சூட்டை உண்டாக்கும். ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறக்குறைய 580 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. 23 லீற்றர் பெரல் ஒன்று வேகமாகப் பொங்கும் நேரத்தில் அறையைவிட மூன்று முதல் ஐந்து பாகை கூடுதலாக இருக்கும். உங்கள் அறை 29 என்றால் பெரலுக்குள் 33. அந்த வெப்பநிலையில் சாதாரண ஈஸ்ட் சாகாது. அவசரமாக வேலை செய்து, மூக்கைக் குத்தும் கனமான மதுசாரங்களையும் நெயில்பொலிஷ் மணத்தையும் விட்டுவிட்டுப் போகும். மறுநாள் தலையிடிக்கு இதுவே காரணம் என்று பலர் சொல்வார்கள். அது நிறுவப்பட்ட விஷயமல்ல. ஆனால் ருசி கெடுவது நிச்சயம். அந்த எரிவை ஸ்டவுட்டின் கறுப்புக் கசப்பு மூடிவிடும் என்று நம்பாதீர்கள். மாதக்கணக்கில் வைத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஆனால் இந்தக் கெடுதி பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் நடக்கிறது. நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே இதுதான். ஈஸ்ட் பெருகும் கட்டத்தில்தான் அந்த வேண்டாத மணங்கள் பிறக்கின்றன. சர்க்கரையில் பெரும்பகுதி தீர்ந்த பிறகு சூடு கெடுதல் செய்வதில்லை. பச்சை அப்பிள் போன்ற மணத்தையும் வெண்ணெய் போன்ற மணத்தையும் ஈஸ்ட் திரும்ப உறிஞ்சி முடிக்க அந்தச் சூடு உதவுகிறது. மெல்பேண் குளிர்காலத்தில் பெரலுக்குக் கம்பளி சுற்றுகிறார்கள். கொழும்பு மாதிரி இடத்தில் நாலாம் நாளிலிருந்து அந்தக் கரிசனையே தேவைப்படாது. எனவே மூன்று வாரம் ஏசி போட வேண்டுமா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், வேண்டாம். மூன்று, நாலு நாள் பெரலை 22 பாகைக்குக் கீழே வைத்திருக்க வழி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் நாளே குளிராகத் தொடங்குவது இதில் பாதி வெற்றி. பாணியைக் கரைத்த 3 லீற்றர் கரைசல் 70 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அதோடு பிரிஜில் 5 பாகைக்குக் குளிர்ந்த 14 லீற்றர் நீரையும் சாதாரண சூட்டில் உள்ள 6 லீற்றரையும் சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 20 பாகைக்கு வந்து நிற்கும். கடையில் விற்கும் 5 லீற்றர் குடிநீர்ப் போத்தல்கள் மூன்றை முதல்நாள் இரவு பிரிஜில் வைத்தாலே போதும். இதைச் செய்யாமல் 28 பாகையில் தொடங்கினால், பிறகு அதை 20க்கு இறக்க 770 கிலோஜூல் அளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலைத்தான் உறிஞ்சும். இரண்டேகால் கிலோ ஐஸை அப்போது தேடுவதைவிட முதலே குளிர்ந்த நீரை ஊற்றுவது எவ்வளவோ மேல்.

குளிரைத் தக்கவைப்பதற்குப் பழைய பிரிஜ் ஒன்றும் வெளியே பொருத்தும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம். இல்லாவிட்டால் பெரலை ஒரு பெரிய தொட்டி நீருக்குள் இறக்கி, உறைந்த 1.5 லீற்றர் போத்தல்களை மாற்றி மாற்றிப் போடலாம். நாளொன்றுக்கு ஐந்தாறு போத்தல் தேவைப்படும் என்பது என் கணக்கு. தொட்டியைச் சுற்றி ரெஜிபோம் வைத்தால் நன்றாகக் குறையும். இது மதிப்பீடுதான். உங்கள் அறைக்கு ஏற்ப மாறும் என்பதால் வெப்பமானியை நம்புங்கள். ஈரத் துணி சுற்றி மின்விசிறி வைக்கும் முறையை வறண்ட ஊர்க்காரர்கள் புகழ்வார்கள். கொழும்புக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது 28 பாகை அறையில் அதனால் 25 வரைதான் இறக்க முடியும். கடற்கரைப் பக்கம் அது போதாது.

குளிரூட்டவே வழியில்லாதவர்களுக்கு வேறொரு பாதை உண்டு. சூட்டோடு மல்லுக்கட்டாமல் ஈஸ்ட்டை மாற்றுவது. நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை 30 முதல் 40 பாகையிலும் சுத்தமான ருசி தருகிறது. அதில் வொஸ் என்ற வகை உலர்ந்த பொட்டலமாகவே விற்பனைக்கு வருகிறது. மூன்று நாலு நாளில் நொதித்து முடித்துவிடும். மெல்லிய தோடம்பழ மணம் விடும், ஸ்டவுட்டுக்கு அது பொருந்தும் என்பது என் ருசி. வெள்ளைச் சீனி கூடுதலாகப் போட்ட கரைசலில் இதற்குப் போசாக்கு போதாமல் போகும், எனவே சீனிக்குப் பதிலாக உலர் மால்ட் மாவு (முளைக்கவைத்த பார்லிச் சாற்றை உலர்த்திய பொடி) சேர்ப்பது நல்லது. அண்ணா அடுத்த முறை வரும்போது என்ன கொண்டுவருவது என்று கேட்டால், இன்னொரு பேணியைவிட இந்தப் பொட்டலத்தைச் சொல்லுங்கள்.

இந்தச் சூட்டுப் பிரச்சினை நம் நாட்டுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியர் காய்ச்ச வந்தவர்கள் நுவரெலியாவுக்கு ஏறிப்போனதற்கு அங்குள்ள குளிர் ஒரு பெரிய காரணம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், வருடம் முழுக்க சராசரி 16 பாகை அளவு. இயந்திரக் குளிரூட்டல் பரவிய பிறகுதான் கீழ்நாட்டில் காய்ச்சுவது சாத்தியமாகி, இன்று லயன் ஸ்டவுட் பியகமவில் உற்பத்தியாகிறது. இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொழும்பில் ஸ்டவுட் என்றால் நாக்கு எதிர்பார்ப்பது 8.8 சதவீத மதுசாரமுள்ள லயன் ஸ்டவுட்டை. கிட் பேணி ஒன்று 23 லீற்றரில் தருவது 4 முதல் 5 சதவீதம்தான். வாயில் உணரும் கனமும் குறைவு. அதை எட்டிப்பிடிக்கச் சீனியை அள்ளிப் போட்டால் கிடைப்பது வெறும் மெல்லிய காரம். கனம் வேண்டுமானால் நீரைக் குறைத்து 18 லீற்றரில் நிறுத்துங்கள். கின்னஸின் பட்டுப் போன்ற நுரையையும் எதிர்பார்க்க வேண்டாம். அது 1959இல் அவர்கள் கொண்டுவந்த நைதரசன் முறையால் வருவது, போத்தலில் சீனி போட்டு அதை எடுக்க முடியாது.

அடுத்தது புளிப்புப் பயம். இது உங்களுக்குக் கள்ளைப் பார்த்து வந்த பயம் என்று நினைக்கிறேன். அது நியாயமானதுதான். காலையில் இறக்கிய தென்னங்கள்ளு மாலையில் கடுத்து, விட்டுவைத்தால் வினாகிரியாகிவிடும். ஆனால் முட்டிக்குள் சாறு சொட்டும்போதே காற்றிலும் முட்டிச் சுவரிலும் உள்ள ஈஸ்ட்டும் பற்றீரியாவும் ஒன்றாகப் புகுந்துவிடுகின்றன. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அவை அடங்கிக் கருப்பநீர் இனிப்பாகவே கிடைக்கிறது. பெரலில் நிலைமை வேறு. கொதிக்கவைத்த சாறு, சுத்தமாக்கிய பாத்திரம், ஒரே நேரத்தில் பெருந்தொகையாகப் போடும் ஒரே இன ஈஸ்ட், மூடிய வாய். வினாகிரி செய்யும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். மூடிய பெரலுக்குள் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும்போது அதற்கு வழியில்லை. இலற்றிக்கமிலப் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் தேவையில்லை. அதைத் தடுப்பது சுத்தம் மட்டும்தான். கொழும்பு வெக்கையில் அழுக்கு ஒரு நாளில் பெருகுவது குளிர்நாட்டில் பல நாளில் பெருகுவதற்குச் சமம். எனவே குழாய்வாய், மூடியின் இறப்பர் வளையம், கரண்டி எல்லாவற்றையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநீக்கித் திரவத்தில் நனைக்க வேண்டும். கழுவாமல் நனைப்பதில் பலனில்லை.

நீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொழும்புக் குழாய்நீர் களனி கங்கையின் அம்பத்தலையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. குளோரின் சேர்த்தது. அந்தக் குளோரின் மால்ட்டில் உள்ள பீனோல்களோடு சேர்ந்தால் மருந்துக்கடை மணம் வரும். மிகச் சிறிய அளவிலேயே நாக்கு அதைப் பிடித்துவிடும். கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், தீர்ந்தது. டப்ளின் நீரின் வன்தன்மைதான் ஸ்டவுட்டின் இரகசியம் என்று படித்திருப்பீர்கள். தானியத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு அது பொருந்தும். பேணியில் அந்தக் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் உங்கள் நீர் மென்னீராக இருந்தாலும் பாதகமில்லை.

கண் பார்வை போகும் என்ற பயத்துக்குக் கசிப்புச் செய்திகள் காரணம். கண்ணைக் குருடாக்கும் நச்சு மதுசாரமான மெதனோல் முக்கியமாகப் பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து வருகிறது. பார்லி மால்ட்டில் அது மிகக் குறைவு, பியரில் உண்டாகும் மெதனோல் பொருட்படுத்தத்தக்க அளவல்ல. காய்ச்சி வடிக்கும்போதுதான் எதுவும் செறிவாகும், கிட் வேலையில் வடித்தலே இல்லை. கசிப்பு உயிர்களைக் குடித்த பெரிய சம்பவங்களில் யாரோ தொழிற்சாலை மெதனோலைக் கலந்ததுதான் வழமையான காரணம். அதேபோல, நொதித்து முடிந்த பியரின் அமிலத்தன்மையிலும் ஹொப்ஸிலும் மதுசாரத்திலும் நோய்க் கிருமிகள் வளர்வதில்லை. கெட்டுப்போன பியர் வாய்க்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மதுசாரம் மதுசாரம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஈரல் வருத்தமோ தொடர்ந்து எடுக்கும் மருந்தோ இருப்பவர்கள் வைத்தியரைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

போத்தல் வெடிப்பதை நான் மிகவும் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடித் துண்டு கண்ணில் படுவது கற்பனை ஆபத்தல்ல. அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீற்றர் ஒன்று இல்லாமல் எவரும் போத்தலில் அடைக்கக் கூடாது. தொடக்கத்தில் அது 1.045 அளவு காட்டும், முடிவில் 1.012 அளவில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் மதுசார சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும். இந்த எடுத்துக்காட்டில் 4.3. 1.018இல் அவசரப்பட்டு அடைத்து, அது மெல்ல 1.012க்கு இறங்கினால், அந்த ஆறு புள்ளிகள் மட்டும் பியரின் கனவளவைப் போல் மூன்று மடங்கு காபனீரொட்சைட்டைப் போத்தலுக்குள் உண்டாக்கும். அதன்மேல், வாயு ஏறுவதற்காகப் போத்தலில் நீங்கள் போட்ட சீனியும் நொதிக்கும்போது சாதாரண பியர்ப் போத்தல் அதைத் தாங்காது. பெரலிலிருந்து வாயு வெளியேறும் குமிழி நின்றுவிட்டது என்பதை முடிவாக எடுக்காதீர்கள். மூடி இறுக்கமில்லாவிட்டாலும் குமிழி நிற்கும். இரண்டு நாள் இடைவெளியில் மானி ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். பிறகு லீற்றருக்கு 5 முதல் 6 கிராம் சீனி, தராசில் நிறுத்து. கரண்டிக் கணக்கு வேண்டாம். பழைய சோடாப் பிளாஸ்டிக் போத்தல்களே நல்லவை. அழுத்தம் ஏறுவதைக் கையால் அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், கல்லுப் போல் இறுகினால் பிரிஜில் வைத்துவிடலாம். இங்குள்ள வெக்கையில் பத்து நாளில் வாயு ஏறிவிடும். அதற்குப் பிறகும் வெளியே வைத்தால் பழைய கடதாசி மணம் சீக்கிரம் வரும், ஆகவே பிரிஜில் இடம் இருக்கும் அளவுக்கே போத்தல் அடைக்கும் திட்டம் போடுங்கள்.

பெரலில் மேலே நாலைந்து லீற்றர் இடம் விடுங்கள். ஸ்டவுட் சூட்டில் பொங்கினால் கறுப்பு நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு தரைக்கு வரும்.

பனங்கட்டி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிட்டோடு சேர்க்கச் சொல்லும் ஒரு கிலோ சீனியில் கால்வாசியைப் பனங்கட்டியாக மாற்றினால் அதன் இனிப்பு முழுதும் நொதித்துப் போய், பின்னணியில் ஒரு மெல்லிய புகைமணம் நிற்கும். அது எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். கித்துள் பாணியும் அப்படியே. எதுவானாலும் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடித்த பிறகே சேர்க்க வேண்டும்.

பேணியின் நிலை பற்றி இங்கிருந்து எனக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அலுமாரியில் எத்தனை மாதம் இருந்தது, அங்கே எவ்வளவு சூடு என்பது உங்களுக்குத்தான் தெரியும். மால்ட் பாணி வெக்கையில் கறுத்து, மை போன்ற ருசி பிடிக்கும். ஸ்டவுட்டில் அது ஓரளவு ஒளிந்துகொள்ளும். மூடிக்கு அடியில் உள்ள ஈஸ்ட்தான் முதலில் பலவீனமாகும். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கொதித்து ஆறிய இளஞ்சூட்டு நீரில் சிறிது சீனியோடு ஒரு சிட்டிகை போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். நுரை எழாவிட்டால் அதை நம்ப வேண்டாம். பொட்டலத்தை இப்போதே பிரிஜுக்கு மாற்றுங்கள், பேணியைச் சமையலறை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மதுவரித் திணைக்களத்தின் பதில் சாதகமாக வராவிட்டால், அண்ணாவோ வேறு யாராவதோ அடுத்த முறை மெல்பேண் போகும்போது பயணப்பெட்டியில் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேக்குக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஹொப்ஸ் கசப்பு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது.